சஹனில் என் பக்கத்துச் சோறு

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஒன்பது பேர். ஏழு நான் பெற்றவை, இரண்டு என் தங்கை மவுத்தான பிறகு நான் எடுத்து வளர்த்தவை. ஒன்பதும் கலியாணம் முடித்து, பிள்ளை குட்டி பெற்று, எனக்கே புத்தி சொல்லுமளவுக்கு ஆளாகிவிட்டன. ஆனால் நான் வளர்த்தவற்றில், போட்டதைத் தின்று, ஒரு நாளும் எதிர்த்துக் கதைக்காமல், சொன்னதற்கு மேலாகவே வளர்ந்தது ஒன்றுதான். அது என் உடம்பு. கடைசியில் அதுதான் என் கழுத்தறுக்கப் பார்த்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எழுத்து வரும், ஆனால் சேற்றில் வண்டில் மாடு வருவதைப்போல வரும். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஒரு தாளை நிரப்ப ஒரு காலைப் பொழுது போகும். எனக்கு அவசரமில்லை. அவசரம் என் மூத்த மகளுக்குத்தான், அது அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. மாதம் ஒருமுறை வரவேண்டியது இப்போது நினைத்த நேரமெல்லாம் வருகிறதாம், வந்தால் நிற்க மாட்டேனென்கிறதாம். அவளே தேங்காய் திருவிக்கொண்டு, காய்கறி விலை சொல்வதைப்போல இதைச் சொன்னாள். டொக்டரிடம் போ என்றேன்.

"உங்களுக்கு நிண்டாப் பொறகுதானே உம்மா வந்த. எனக்கு இன்னும் நிக்கவே இல்ல. அது வேற, இது வேற."

நான் மறுபடி வாயைத் திறந்தால் கிரைண்டரைப் போட்டுவிடுவாள். அந்தச் சத்தத்தில் என் புத்திமதி அரைபட்டுப் போகும். அவளும் நானும் ஒரே அச்சு. இடுப்பும் அப்படி, கையும் அப்படி, பிடிவாதமும் அப்படி. எழுதி வைத்ததையாவது கேட்பாளா பார்ப்போம்.

எங்கள் பக்கத்தில் உடம்பு என்பது ஆளுடைய உடம்பு மட்டுமல்ல, அது குடும்பத்தின் மானம். மற்ற ஊர்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த மாப்பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் கலியாணச் சட்டையின் பொத்தான் பூட்டுப்படுமென்றால், அந்த மாமிக்குத் தெருவில் முகம் காட்ட முடியாது. "என்னகா, மருமகனுக்குச் சோறு போடுறல்லயா?" என்று கேட்பார்கள். என் வீட்டுக்கு வந்த மருமகன்மார் எல்லாரும் முதல் பெருநாளுக்கே புதுச் சட்டை தைத்தவர்கள். அது எனக்குப் பெரிய பேர்.

மருமகன்மாருக்குப் போட்டு மிஞ்சியதை வீணாக்கலாமா? வீணாக்குவது பாவம். அந்தப் பாவத்தையெல்லாம் தடுத்தது நான்தான்.

என்னைக் கட்டிய மாப்பிள்ளைக்கு நெல்லு மில் இருந்தது. வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயலும் இருந்தது. கலியாணம் முடித்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை மில் பூட்டியிருந்த நேரத்தில், என்னை அங்கே கூட்டிப்போய்த் தராசில் ஒரு நெல் மூட்டையை ஏற்றி முள்ளைப் பார்த்தார். பிறகு அதை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார். மூட்டைதான் வென்றது. அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கடைசிப் பிள்ளை பிறந்து கொஞ்சக் காலத்தில் திரும்பவும் அதே விளையாட்டு. இந்த முறை நான் வென்றேன். மனிசனுக்கு அப்படியொரு சந்தோசம். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி, கண்ணூறு படாமலிருக்க மூன்று தரம் ஊதிவிட்டார். மூட்டைக்கு ஊதவில்லை.

இந்தப் பெருமையில் மண்ணைப் போட ஒரே ஒருத்தி இருந்தாள். அவருடைய தங்கை. எனக்கு அவள் மதினி, அவளுக்கு நான் மதினி. மெலிந்தவள். விடிய சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடப்பவள். நடக்கிற பொம்பிளைக்கு வீட்டில் வேலையில்லை என்று நாங்கள் முடிவு கட்டியிருந்த காலத்தில் நடந்தவள். நான் அவளை ஈர்க்கில் என்பேன். அவள் என்னை மில்லு என்பாள். என் வீட்டுக்கு வந்தால் இரண்டு இடியப்பத்தோடு கையைக் கழுவிவிடுவாள். மூன்றாவதை வைக்கப் போனால் சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மூடிக்கொள்வாள். ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அந்த இடியப்பத்துக்காகவே எங்கள் இரண்டு பேருக்கும் நாற்பது வருடக் கோபம்.

எனக்கு மாதாந்தம் நின்றது கடைசி மகளுடைய கலியாணத்தோடு. அதற்குப் பிறகு ஒரு நோன்பும் விட்டதில்லை. அந்தப் பெருமையும் என் கணக்கில்தான் இருந்தது. மூன்று வருசத்துக்கு முந்தின நோன்பில், ஒரு பகலில், லுஹர்த் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போன இடத்தில் பார்த்தால் இரத்தம்.

பயந்தேனா? இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஹைளு, அதாவது மாதாந்தம், வந்தவள் நோன்பு பிடிக்கவும் கூடாது, தொழவும் கூடாது. சட்டம் எனக்குத் தெரியும். குசினிக்குப் போய் ஒரு தேத்தண்ணி ஊற்றி, கதவுக்குப் பின்னால் நின்று குடித்தேன். நோன்புப் பகலில் குடிக்கிற தேத்தண்ணியின் ருசியை நான் மறந்தே போயிருந்தேன். மூத்த மகள் கண்டுவிட்டாள்.

"உம்மா! நோன்பு இல்லயா?"

"எனக்கு நோன்பு இல்ல."

"ஏன், உடம்புக்கு வருத்தமா?"

"வருத்தம் இல்லடி. உனக்கு எதனால இல்லாமப் போகுமோ, அதனாலதான் எனக்கும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னேரம் அஸர்த் தொழுகைக்குள் எல்லா மகள்மாருக்கும் சேதி போய்விட்டது. "உம்மாக்கு வயசு திரும்புது" என்று ஒருத்தி. "நல்லாத் திண்ட உடம்பு, இன்னும் இரத்தம் ஊறுது" என்று இன்னொருத்தி. ஒருத்திக்கும் பயமில்லை. எப்படிப் பயம் வரும்? வற்றிய கிணற்றில் தண்ணீர் வந்தால் சந்தோசப்படுவார்களா, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்ப்பார்களா?

பிறகு அவர்கள் செய்ததுதான் விசேசம். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பெரிய பிள்ளையானால், விடிய வெறும் வயிற்றில் ஊர்க்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பார்கள். உழுந்துக் களி கிண்டிக் கொடுப்பார்கள். இடுப்புக்குப் பெலன் வேண்டும் என்பார்கள். என் மகள்மார் அறுபத்தெட்டு வயதில் எனக்கு அதே வைத்தியத்தைத் தொடங்கினார்கள். சின்ன மருமகன் கல்முனைச் சந்தையெல்லாம் அலைந்து ஊர்க்கோழி முட்டை கொண்டுவந்தார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. களியில் எண்ணெய் மிதக்க மிதக்கத் தின்றேன். பதின்மூன்று வயதில் இரண்டு கிழமைதான் தந்தார்கள். இந்த முறை இரத்தம் நின்று நின்று வந்தபடியால் களியும் நிற்கவில்லை.

மதினி கேள்விப்பட்டு வந்தாள். வழமைபோலக் கதிரையின் நுனியில் இருந்தாள்.

"மதினி, இந்த வயசில வாறது நல்லதா? எனக்கெண்டா மனசு சரியில்ல" என்றாள்.

"உனக்கு எப்பிடிகா மனசு சரியா இரிக்கும்? உனக்கு வராது. வாறதுக்கு உடம்பில ஏதாச்சும் இரிக்கணுமே!"

மகள்மார் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. ஒரு பிஸ்கட்டையும் தொடாமல் எழும்பிப் போனாள்.

பெருநாள் முடிந்தது. விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் களாச் செய்ய வேண்டும். எத்தனை பிடிக்க வேண்டும் என்று தெரியாமல், பெண்களுக்கு ஓதிக் கொடுக்கும் மௌலவியாவிடம் போனேன். சின்னப் பிள்ளை, என் பேத்திமார் வயது. வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளை சந்தோசப்படவில்லை.

"உம்மா, இது என்ன இரத்தமெண்டு தெரிஞ்சாத்தான் நான் சட்டம் சொல்லலாம். அது டொக்டர் சொல்லணும். களாவெல்லாம் பொறகு பாக்கலாம். நாளைக்கே போங்க."

"நோன்புக் கணக்குக் கேக்க வந்தா ஆசுப்பத்திரிக்கு அனுப்புறீங்களே மகள்."

"அமானிதம் உம்மா. உடம்பும் அமானிதம்தான்."

அமானிதம் என்றால் அல்லாஹ் நம்பிக்கையாக நம் கையில் தந்து வைத்த பொருள். தந்ததை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் தந்ததைவிட இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று இருந்தவள்.

பெரியாசுப்பத்திரிக் கிளினிக்குக்கு மூத்த மகள் கூட்டிப் போனாள். வாசலில் பார்த்தால் மதினி நிற்கிறாள். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருந்தாள். முதலில் நிறை பார்த்தார்கள். தராசில் ஏறிய பழக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். நேர்ஸ் பிள்ளை முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாஷா அல்லாஹ் சொல்லவில்லை.

டொக்டரிடம் உள்ளே ஒருவர்தான் கூடப் போகலாம் என்றார்கள். என் மகளுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும். "மாமி, நீங்க போங்க" என்று மதினியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே இருந்துகொண்டாள். அன்றும் பிறகும் டொக்டர் சொன்னதை அவள் கேட்காமல் போனது அப்படித்தான். அதை அவளுக்குச் சொல்லத்தான் இத்தனை கலண்டர் தாளும்.

டொக்டர் ஒரு தமிழ்ப் பொம்பிளை. நல்ல மாதிரி. ஸ்கேன் பார்த்தார். கர்ப்பப்பையின் உள்தோல் இந்த வயதில் மெல்லியதாக இருக்க வேண்டும், என்னுடையது தடித்திருக்கிறது என்றார். அதில் ஒரு துளி எடுத்துச் சோதிக்க அனுப்பினார். மறுமுறை போனபோது முடிவு வந்திருந்தது. கென்சர். தொடக்கத்தில்தான் இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தப்பலாம் என்றார். அன்றைக்கும் உள்ளே வந்தவள் மதினிதான். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பான கை, ஆனால் நல்ல பிடி.

"எனக்கா?" என்று கேட்டேன். "நான் நல்லாத் திண்டு குடிச்சி வளந்த ஆள் டொக்டர். மெலிஞ்ச ஆக்களுக்குத்தானே இது வாறது?" மதினியைக் கண்ணால் காட்டினேன்.

"மெலிஞ்ச ஆக்களுக்கும் வரும் அம்மா. உடம்பான ஆக்கள் எல்லாருக்கும் வாறதும் இல்ல. ஆனா இந்தக் கென்சர் உடம்பான ஆக்களைத்தான் கூடத் தேடி வரும்."

ஏனென்று சொன்னார். அவர் சொன்னதை நான் வயல்காரி கணக்கில்தான் விளங்கிக்கொண்டேன், அதையே எழுதுகிறேன். பொம்பிளையின் கர்ப்பப்பை ஒரு வயல். அதில் உள்தோலை வளர்க்கிற தண்ணீரின் பெயர் ஈஸ்ட்ரஜன், அது ஒரு ஹோர்மோன். இன்னொரு ஹோர்மோன் வட்டவிதானை மாதிரி. வட்டவிதானைதான் எங்கள் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு, காலம் வந்ததும் போதும் என்று கதவை அடைக்கிறவர். இளமையில் தண்ணீரும் வரும், அடைக்க ஆளும் வரும், மாதம் ஒரு அறுவடை முடியும். வயது போனதும் தண்ணீரை அனுப்புகிற குளமும் வற்றிவிடும், வட்டவிதானையும் வீட்டுக்குப் போய்விடுவார். வயல் சும்மா கிடக்க வேண்டும். அதுதான் முறை.

"அப்ப எனக்கு எங்கயிருந்து தண்ணி வந்த?"

"கொழுப்பில இருந்து அம்மா. கொழுப்பும் அந்த ஹோர்மோனைச் செய்யும்."

எனக்கு நம்ப முடியவில்லை. கொழுப்பு என்றால் சும்மா குந்திக்கொண்டிருக்கிற பண்டம், பஞ்ச காலத்துக்குச் சேர்த்து வைத்த நெல் மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். அது களஞ்சியமில்லை, மில் என்றார் டொக்டர். இரவும் பகலும் ஓடுகிற மில். என் மாப்பிள்ளையின் மில்லாவது வெள்ளிக்கிழமை ஓய்ந்தது. என்னுடையது வட்டவிதானை இல்லாத நேரம் பார்த்துக் களவாக வாய்க்கால் வெட்டி, வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அடைக்க ஆளில்லை. தண்ணீர் நிற்காத வயலில் என்ன வளரும்? நெல்லா வளரும்?

அவர் இன்னும் சொன்னார். போதும், வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சேதி சொல்லவும் கொழுப்பு ஒரு ஹோர்மோனை அனுப்புமாம். லெப்டின் என்று பெயர். கொழுப்பு கூடக் கூட அதுவும் கூடும். ஆனால் கேட்டுக் கேட்டு மூளைக்குக் காது செவிடாகிப் போகும். இதை மட்டும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் ஊரில் விருந்தாளி "போதும், போதும்" என்று எத்தனை தரம் கத்தினாலும் எந்த வீட்டுக்காரிக்குக் காது கேட்டிருக்கிறது? என் மூளையும் எங்கள் ஊர்க்காரிதானே. மூளை கேட்காவிட்டாலும், கெட்டுப்போகப் பார்க்கிற தசைக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்குமாம். அது அதைக் கேட்டு இன்னும் வளருமாம். கொழுப்பில் இருந்து வருகிற ஒரு நல்ல ஹோர்மோனும் உண்டு, அது இப்படியான வளர்ச்சியை அடக்கி வைக்கும். ஆனால் கொழுப்பு பெருத்தால் அந்த நல்லவன் மெலிந்துபோவான். ஊரில் பெரிய வீட்டில் நல்ல மருமகனுடைய பேச்சு எடுபடாமல் போகிற மாதிரி. இதற்குமேல் எனக்கு முந்தியே இருந்த சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, ஒரு பக்கத்தால் அதற்குப் பசளை போட்டிருக்கிறது.

"ஒண்டு நல்லது அம்மா. இது இரத்தத்தைக் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு வாற வருத்தம். நீங்க நேரத்துக்கு வந்திட்டீங்கள்."

"களி திண்டு கொஞ்சம் பிந்திட்டு" என்றாள் மதினி. அந்த இடத்திலும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

கடைசியாக டொக்டர் இரண்டு விசயம் சொன்னார். ஒன்று, சீனி இறங்காவிட்டால் மயக்க மருந்து டொக்டர் ஒபரேசனைத் தள்ளிப் போடுவார், இது தள்ளிப் போடக்கூடிய வருத்தமில்லை. மற்றது, மகள்மார் இருந்தால், உடம்பான பிள்ளைகள் என்றால், மாதாந்தம் நின்றாலும் நிற்காவிட்டாலும் வழமை மாறி இரத்தம் போனால் வந்து காட்ட வேண்டும். நின்றாலும் நிற்காவிட்டாலும். இந்த வரியை நான் இரண்டு தரம் எழுதியது பிழையில்லை.

வீட்டில் சேதி விழுந்தது. எல்லாரும் அழுதார்கள். அழுதுவிட்டுச் சாப்பிட இருந்தார்கள். சாப்பிடும்போதுதான் இந்த வருத்தம் எதனால் வந்தது என்ற ஆராய்ச்சி தொடங்கியது. மூத்த மருமகன், வயலுக்கு அடிக்கிற பூச்சி எண்ணெய்தான் காரணம் என்றார். இரண்டாமவர், பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் குடிப்பது என்றார். இன்னொருவர் புரொயிலர்க் கோழியில்தான் எல்லா வருத்தமும் இருக்கிறது என்று, ஒரு புரொயிலர்க் கோழித் தொடையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். மூத்த மகள் மட்டும் உறுதியாகச் சொன்னாள்: "கண்ணூறு. மாமிட கண்ணூறு." மெலிந்தவள் பார்த்துப் பார்த்து என் உடம்பில் பட்டதாம்.

"டொக்டர் கொழுப்பு எண்டு சொன்ன" என்றேன்.

மூத்த மகள் அகப்பையைக் கையில் எடுத்தாள். எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க டொக்டர்மாருக்கு எல்லாத்துக்கும் ஒரு கொழுப்பு. கொஞ்சம் சோறு போடவா உம்மா? பெலன் வேணும்."

ஒபரேசனுக்கு நாள் குறித்தாயிற்று. எனக்குக் கவலை கத்தியில் இல்லை, சீனியில். வருத்தம் விசாரிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கேக், மோல்ட் மா, அப்பிள், முந்திரிகை, தொதல். மருதமுனையில் இருந்து ஒரு தூரத்துச் சொந்தம் இரண்டு சட்டி வட்டிலப்பம் கொண்டுவந்து, ஒன்று எனக்கு, ஒன்று என் வருத்தத்துக்கு என்பதைப்போல வைத்துவிட்டுப் போனாள். வேண்டாமென்றால் மகள்மார் அழத் தொடங்குவார்கள். "உம்மா சோறு வேணாமெண்டுட்டா. மவுத்துக்குப் போற ஆள் மாதிரிக் கதைக்கிறா." சாகாமலிருக்கத்தான் வேண்டாமென்கிறேன் என்று சொன்னால் எவருக்கும் விளங்கவில்லை. அவர்கள் மீது குற்றமில்லை. அன்பை வாயால் சொல்ல நான் அவர்களுக்குப் பழக்கவில்லை, கோப்பையில் போடத்தான் பழக்கினேன்.

ஆசுப்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் பகல், எனக்காகப் பிரார்த்திக்க ஊரைக் கூட்டித் துஆ மஜ்லிஸ் வைத்தார்கள். ஒரு மாடு அறுத்தார்கள். அடுத்த நாள் விடிய என் இரத்தத்தில் சீனி பார்ப்பார்கள், அது கூடியிருந்தால் ஒபரேசன் இல்லை. அது எனக்கும் மதினிக்கும் மட்டும் சரியாகத் தெரியும்.

சஹன் என்பது பெரிய தட்டம். அதில் சோற்றைக் குவித்து, இறைச்சியை நடுவில் வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவரவர் தன் முன்னால் உள்ள பக்கத்தைத்தான் சாப்பிட வேண்டும். அடுத்தவள் பக்கத்தில் கை போடுவது வளர்ப்புச் சரியில்லை என்பதற்கு அடையாளம். யார் சாப்பிட்டாள், யார் சாப்பிடவில்லை என்று ஒளிக்கவும் முடியாது. ஒருத்தி பக்கத்தில் மட்டும் சோறு மலைபோல நின்றால் பரிமாறுகிறவள் வந்து தலைக்கு மேல் நின்று கத்துவாள். அன்று சஹன் சஹனாகப் பார்த்துக்கொண்டு திரிந்தவள் என் மூத்த மகள்.

நான் பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன். எனக்கு வலது பக்கத்தில் மதினி வந்து இருந்தாள். ஆட்டமில்லாமல், உதடு அசையாமல் சொன்னாள்:

"சோத்தப் பிசைஞ்சிக்கிட்டே இரி மதினி. நாலு கவளத்தோட நிப்பாட்டு. மத்தத நான் பாக்கிறன்."

"உன்னால ஏலுமா? ரெண்டு இடியப்பக்காரி நீ."

"வாயப் பொத்திக்கிட்டுப் பிசை."

அவள் கை என் பக்கம் வந்தது. ஒரு கவளம் தன் பக்கத்தில், ஒரு கவளம் என் பக்கத்தில். நாற்பது வருடமாகக் கோப்பையைப் பொத்தின கை. எதிரே இருந்தவள் கண்டுவிட்டாள்.

"என்னகா இது, அடுத்தவங்கட பக்கத்தில கை போடுறா?"

"ஓங்கா" என்றாள் மதினி, வாய் நிறையச் சோற்றோடு. "மதினிட ஊட்டு எறச்சி அப்பிடி ருசி. கை தன்பாட்டில போகுது."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். "ஈர்க்கிலுக்கு இண்டைக்குத்தான் பசி வந்திரிக்கி" என்று பக்கத்துச் சஹனில் ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. அந்தப் பேரை ஊருக்குள் விட்டவள் நான். மதினி தலை நிமிரவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்து வழிந்தது. மகள் வந்து எட்டிப் பார்த்தாள். என் பக்கம் இறங்கியிருந்தது. "அல்ஹம்துலில்லாஹ், உம்மா நல்லாச் சாப்பிட்டிரிக்கா" என்று சந்தோசத்தில் இன்னொரு அகப்பை போட்டாள். மதினி அதையும் பார்த்தாள், பிறகு என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் எங்கள் நாற்பது வருடமும் இருந்தது. அதையும் தின்றாள். பிறகு வட்டிலப்பம் வந்தது.

மறுநாள் என் சீனி டொக்டர் சொன்ன அளவுக்குள் நின்றது. மதினி அவள் வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இஞ்சித் தண்ணீர் குடித்தபடி மூன்று நாள் கிடந்தாளாம். கடற்கரை அவளைக் காணாமல் தேடியிருக்கும்.

ஒபரேசன் முடிந்தது. என் ஏழு பிள்ளைகளும் முதல் முதல் குடியிருந்த வீட்டை எடுத்துவிட்டார்கள். எந்த மகளுக்கும் சீதனமாக நான் எழுதிக் கொடுக்காத வீடு அது ஒன்றுதான். வருத்தம் வெளியே பரவவில்லை என்று டொக்டர் சொன்னார். நாள் தவறாமல் கிளினிக்குக்குப் போகிறேன். சுபஹுக்குப் பிறகு மதினியோடு கடற்கரையில் நடக்கிறேன். அவள் முன்னால், நான் பின்னால். மூச்சு வாங்கினால் நின்று, தோணி இழுக்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி நடிப்போம்.

நான் இப்போது நெல் மூட்டையிடம் தோற்றுப்போவேன். ஊர் இதைப் பொறுக்கவில்லை. உள்ளே கென்சரை வைத்துக்கொண்டு, களி தின்று உருண்டு திரிந்த காலத்தில் என்னைக் கண்டவர்களெல்லாம் "மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கீங்க" என்றார்கள். வருத்தம் போய், நடந்து திரிகிற இந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருத்தி மறித்து நின்று, "என்னகா இப்பிடி மெலிஞ்சி போன? என்ன வருத்தம்?" என்று கேட்கிறாள். முதலில் விளக்கம் சொன்னேன். ஈஸ்ட்ரஜன், லெப்டின் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியிலேயே, "எதுக்கும் நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்போதெல்லாம் "கண்ணூறு" என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

மதினி போன கிழமை என் வீட்டில் சாப்பிட்டாள். இரண்டு இடியப்பத்தோடு கோப்பையைப் பொத்தினாள். நான் மூன்றாவதை எடுக்கவேயில்லை. அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்போல இருந்தது.

அன்றைக்குத்தான் மூத்த மகள் தேங்காய் திருவிக்கொண்டு தன் சங்கதியைச் சொன்னாள். அது வேற, இது வேற என்றாள். மதினியும் நானும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். மகளே, உன் வயலில் வட்டவிதானை இன்னும் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அதை ஸ்கேன்தான் சொல்லும். ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னால் திரும்பி வந்து என்னைப் பைத்தியம் என்று சொல். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் சஹனில் உன் பக்கத்தை நான் தின்று தரலாம், மாமியும் தின்று தருவாள், அவளுக்கு இப்போது பழக்கமும் இருக்கிறது. ஆனால் டொக்டருடைய கட்டிலில் உனக்குப் பதிலாகப் படுக்க எங்கள் இரண்டு பேராலும் ஏலாது. செவ்வாய்க்கிழமை கிளினிக். மாமி வாசலில் நிற்பாள். இந்த முறை உள்ளே நீதான் போக வேண்டும்.

தாளும் முடிந்தது. கடைசி மூலையில் எழுதுகிறேன். என் மூத்த மகளின் மகள், இந்த வீட்டிலேயே நன்றாக வாசிக்கிறவள், பக்கத்தில்தான் இருக்கிறாள்.

இந்தா மகள், முதலில் இருந்து வாசி. எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம், அது என்னுடையது. குசினிக் கதவைத் திறந்து விட்டுவிட்டு, உன் உம்மா கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசி. அவள் கிரைண்டரைப் போட்டால் நிறுத்து. நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கு.